ஆங்கிலம் அத்தனை கஷ்டமா?

சங்கத்து விழாக்களில் நான்கு பெற்றோர் சேர்ந்து நின்றால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பிள்ளைகளின் இங்கிலீஷில் வந்து முடிகிறது. "பையன் கணக்கெல்லாம் நன்றாகப் போடுகிறான், இங்கிலீஷ்தான் இடிக்கிறது" என்கிறார் ஒருவர். "அது அப்படித்தான் சார், உலகத்திலேயே கஷ்டமான பாஷை அது" என்று ஆறுதல் சொல்கிறார் இன்னொருவர். "அதனால்தான் நாங்கள் வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டோம்" என்கிறார் மூன்றாமவர், சற்றுப் பெருமையோடு.

முதல் இருவர் சொல்வது வெறும் பேச்சு. மூன்றாமவர் சொல்வது ஒரு தீர்மானம். ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றிவிடக் கூடியது. ஆகவே ஆங்கிலம் உண்மையிலேயே அத்தனை கஷ்டமா, கஷ்டம் என்றால் எந்த இடத்தில், அதற்கு விலையாக வீட்டுத் தமிழைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நான் மொழி அறிஞன் அல்ல. பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து, பாலிடெக்னிக்கில் முதன்முதலாக ஆங்கிலப் பாடப் புத்தகங்களோடு மல்லுக்கட்டி, பிறகு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் ஓய்வு பெறும் வரை இருந்தவன். அந்த அனுபவமும் படித்து அறிந்ததும்தான் என் கைமுதல்.

கஷ்டம் என்பது தூரக் கணக்கு

எந்த மொழியையும் 'கஷ்டமான மொழி' என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. யாருக்குக் கஷ்டம் என்று கேட்க வேண்டும். 'டில்லி தூரமா?' என்று கேட்டால், 'எங்கிருந்து புறப்படுகிறீர்கள்?' என்றுதானே திருப்பிக் கேட்போம்!

அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு அந்நிய மொழிகளைக் கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வேலைக்குப் போதுமான அளவு கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு 30 வாரங்கள். இந்திக்கும் தமிழுக்கும் சுமார் 44 வாரங்கள். அரபி, சீனம், ஜப்பான் மொழிகளுக்கு 88 வாரங்கள். அதாவது ஆங்கிலேயருக்குத் தமிழ் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் நமக்கு ஆங்கிலம். ஹாலந்து நாட்டுக்காரர் சுலபமாக ஆங்கிலம் பேசுகிறார் என்றால், அவருடைய டச்சு மொழி ஆங்கிலத்துக்குப் பங்காளி முறை. ஜப்பானியர் தடுமாறுகிறார் என்றால் அவர் வெகு தூரத்திலிருந்து வருகிறார்.

நமக்கும் தூரம்தான், ஆனால் கடக்க முடியாத தூரமல்ல. நாம் 'நான் நேற்று ரயிலில் நாக்பூருக்குப் போனேன்' என்று வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலக்காரர் 'நான்' என்றவுடனேயே 'போனேன்' என்று சொல்லிவிட்டு, எங்கே, எதில், எப்போது என்பதையெல்லாம் பிறகு சொல்கிறார். நம்முடைய 'க்கு', 'இல்', 'இருந்து' எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்பவை. அவர்களுடையவை சொல்லுக்கு முன்னால் தனியாக நடப்பவை. இந்தத் தலைகீழ்ப் பழக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும். அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டல் என்னும் வம்பு

ஒரு விஷயத்தில் மட்டும் ஆங்கிலம் கஷ்டம் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அது அதன் எழுத்துக்கூட்டல், அதாவது ஸ்பெல்லிங். 1975-இல் வந்த 'சுப்கே சுப்கே' இந்திப் படத்தில் டிரைவர் வேஷம் போட்ட தர்மேந்திரா கேட்கும் கேள்வி நினைவிருக்கும். டி-ஓ 'டு', டி-ஓ 'டூ' என்றால் ஜி-ஓ மட்டும் ஏன் 'கோ' என்று கேட்டு வீட்டுக்காரரைத் திணற அடிப்பார். தியேட்டரே சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி!

'ஆனாலும்' என்று பொருள்படும் 'தோ', 'வழியாக' என்னும் 'த்ரூ', 'கடினமான' என்னும் 'டஃப்', 'இருமல்' என்னும் 'காஃப்', 'எண்ணம்' என்னும் 'தாட்' ஆகிய ஐந்து வார்த்தைகளிலும் ஓ-யு-ஜி-எச் என்ற அதே நான்கு எழுத்துக்கள்தான் வருகின்றன. ஓசையோ ஐந்து விதம். 26 எழுத்துக்களை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுதப் பார்ப்பதில் உள்ள நெருக்கடி இது.

இதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சில் ஏறிய எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. ஆனால் அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரின் உச்சரிப்பு, குறிப்பாக நெட்டுயிர்களின் உச்சரிப்பு, பெரிதாக மாறிக்கொண்டிருந்தது. 'முழங்கால்' என்னும் 'நீ'யிலும் 'கத்தி' என்னும் 'நைஃப்'பிலும் தலையில் நிற்கும் 'கே' எழுத்தை ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லித்தான் வந்தார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து நிற்கிறது. பாதையை வேறு பக்கம் மாற்றிப் போட்டுவிட்டு, பழைய பெயர்ப் பலகைகளை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்குப் பண்டிதர்களும் தங்கள் பங்குக்குக் கைவைத்தார்கள். 'கடன்' என்னும் 'டெட்' வார்த்தையில் ஊமையாக நிற்கும் 'பி', லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகப்பட்டது.

ஆங்கிலேயக் குழந்தைகளே இதில் திண்டாடுகிறார்கள். ஐரோப்பாவின் 13 மொழிகளில் குழந்தைகள் வாசிக்கக் கற்பதை ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதல் வருஷப் படிப்பு முடியும் தருவாயில், பெரும்பாலான மொழிகளின் குழந்தைகள் பழக்கமான வார்த்தைகளில் 100-க்கு 90-க்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் கற்ற குழந்தைகள் வாசித்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நம் வீட்டுக் குழந்தை டிக்டேஷனில் தப்பு விடும்போது 'மக்கு' என்று திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பெர்னார்ட் ஷா இந்தக் குழப்பத்தைச் சகிக்க முடியாமல், புது அகரவரிசை செய்வதற்காகத் தன் உயிலில் பணமே எழுதிவைத்தார். அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அந்தப் புது எழுத்தில் அச்சாகியும் ஊரார் அதை ஏற்கவில்லை. ஆக, எழுத்துக்கூட்டல் கஷ்டம்தான். ஆனால் அது கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டிய கஷ்டம். புத்திக்கு எட்டாத கஷ்டமல்ல.

இலக்கணத்தில் தமிழ்தான் கடினம்

இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் 'வா' என்ற ஒரு வினையை இறந்த காலத்தில் சொல்ல வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன என்று பத்து உருவங்கள் வேண்டும். ஆங்கிலத்தில் இந்தப் பத்துக்கும் 'கேம்' என்ற ஒரே சொல். நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ'. யாருக்கு எந்த மரியாதை என்று வாயைத் திறக்குமுன் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'நாம்', 'நாங்கள்' என்ற வித்தியாசமும் அங்கே இல்லை.

இங்கே நாம் அன்றாடம் புழங்கும் இந்தியையும் மராத்தியையும் பாருங்கள். ரயில் 'காடி' பெண்பால், அதனால் 'ஆயி'. அதை இழுத்துவரும் இஞ்சன் ஆண்பால், அதனால் 'ஆயா'. மராத்தியில் இந்தப் பால் இரண்டல்ல, மூன்று! ஆங்கிலத்தில் மேஜைக்கும் நாற்காலிக்கும் ஆண் பெண் தேட வேண்டியதில்லை. ஆனாலும் நம் பெண்மணிகள் குடிவந்த ஆறே மாதத்தில் காய்கறிக்காரரோடு மராத்தியில் பேரம் பேசுகிறார்கள். யாரும் 'மராத்தி கஷ்டமான பாஷை' என்று புலம்பிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. 'வந்துட்டிருக்காங்க' என்று பேசும் குழந்தை 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதப் பழக வேண்டும். அந்நியர் ஒருவர் தமிழ் கற்பதென்றால் இரண்டு தமிழைக் கற்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதல்ல.

நமக்கு இடறும் இடங்கள்

அப்படியானால் நாம் எங்கேதான் தடுக்கி விழுகிறோம்? நான் கவனித்த வரையில் நான்கு இடங்கள்.

முதலாவது, 'எ', 'தி' என்ற குட்டிச் சொற்கள். தமிழில் இவற்றுக்குச் சரியான இணை இல்லாததால் வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம், வேண்டாத இடத்தில் போடுகிறோம்.

இரண்டாவது, 'இன்', 'ஆன்', 'அட்'. மேஜையில், அறையில், ஸ்டேஷனில் என்று மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் மேஜைக்கு 'ஆன்', அறைக்கு 'இன்', ஸ்டேஷனுக்கு 'அட்'. காரில் போனால் 'இன்', ரயிலில் போனால் 'ஆன்'. ஆயுள் முழுவதும் ரயிலோடு இருந்தும் இதற்கு ஒரு காரணம் எனக்கு அகப்படவில்லை. பழக்கம்தான் காரணம்.

மூன்றாவது, நம்முடைய 'இல்லையா?'. எந்த வாக்கியத்தின் முடிவிலும் இந்த ஒரே சொல்லைப் போட்டு வேலையை முடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப அது மாறும். நாமோ எல்லாவற்றுக்கும் 'இஸ்ன்ட் இட்' போட்டுவிடுகிறோம்.

நான்காவது, அசை அழுத்தம். 'போட்டோகிராஃப்' என்னும்போது முதல் அசையில் அழுத்தம். 'போட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவது அசைக்குப் போய்விடும். தமிழில் இப்படி அழுத்தத்தை இடம் மாற்றும் வழக்கம் கிடையாது.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. 'கப்பல்' என்னும் 'ஷிப்', 'செம்மறியாடு' என்னும் 'ஷீப்' என்ற வித்தியாசத்தில் ஸ்பெயின்காரரும் இத்தாலிக்காரரும் தடுமாறுவார்கள். குறில் நெடிலோடு பிறந்த நமக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 'கெட் அப்', 'கெட் ஆன்', 'கெட் ஓவர்' என்று ஒரே வினை பல வேஷம் போடுவதும் நமக்குப் புதிதல்ல. 'எடுத்துக்கொள்', 'எடுத்துவிடு', 'எடுத்துவை', 'எடுத்துச்சொல்' என்று நாமும் அதைத்தானே செய்கிறோம்?

கேங்மேன் கற்ற ஆங்கிலம்

லைனில் வேலை செய்யும் கேங்மேன்களை நான் பல வருஷம் பார்த்தவன். இப்போது அவர்கள் பதவியின் பெயர் டிராக் மெயின்டெய்னர். அந்த நாளில் அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். ஆனால் ஸ்லீப்பர், ஃபிஷ்பிளேட், ஜாயின்ட், கேஜ், கர்வ், கிராசிங், காஷன் ஆர்டர் என்று அவர்கள் வாயில் புழங்கிய ஆங்கில வார்த்தைகள் கொஞ்சமல்ல. எது எதைக் குறிக்கிறது என்பதில் ஒரு தவறும் வராது. ஸ்லீப்பரில் தூங்குகிறவர் யாரும் இல்லை, ஃபிஷ்பிளேட்டில் மீன் எதுவும் இல்லை. அகராதியைப் புரட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். அவர்கள் அகராதியைப் பார்க்கவில்லை. வார்த்தை வரும்போதே பொருளும் கைக்கு வந்தது. தப்பாகப் புரிந்துகொண்டால் ரயிலுக்கு ஆபத்து. அதனால் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

பாலிடெக்னிக்கில் என் அனுபவமும் இதுவே. 'ஷியர்', 'பெண்டிங் மொமென்ட்' போன்ற வார்த்தைகள் சீக்கிரம் பழகிவிட்டன. படத்தைப் போட்டுப் பார்க்கலாம், உத்தரத்தை வளைத்துப் பார்க்கலாம். பயமுறுத்தியது, பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லாத இங்கிலீஷ் கட்டுரைப் பாடம்தான். வேலைக்கு வந்தபின் தினமும் ஆய்வுக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எந்தக் கிலோமீட்டரில் என்ன கோளாறு, என்ன செய்தோம், எப்போது முடியும் என்று சின்னச் சின்ன வாக்கியங்கள். எழுத எழுத எழுத்து வந்தது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மொழி அம்மியைவிட லேசானது!

வெட்கம்தான் பெரிய கஷ்டம்

மராத்தியில் தப்பாகப் பேசினால் காய்கறிக்காரர் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம், அடுத்த முறை சரியாக வருகிறது. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் மட்டும் குடும்ப மானமே போய்விட்டதாக நினைக்கிறோம். ஏன்? ஆங்கிலத்தை நாம் மொழியாகப் பார்க்கவில்லை. அந்தஸ்தாகப் பார்க்கிறோம். தப்பு செய்யாமல் எந்த மொழியும் வராது. தப்பு செய்ய அஞ்சுகிறவன் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காதவனுக்கு மொழி வருவதில்லை. ஆங்கிலத்தில் நம்மவர் படும் கஷ்டத்தில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் துணிபு.

உச்சரிப்பைப் பற்றியும் இதே அச்சம். ஆங்கில நாவலாசிரியர்களில் முதல் வரிசையில் வைக்கப்படும் ஜோசப் கான்ராட் (1857–1924) போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் கற்றதே இருபது வயதுக்குப் பிறகு, கப்பலில் வேலை பார்த்தபோது. கடைசி வரை அவர் பேச்சில் போலிஷ் வாடை போகவில்லை. அதனால் அவர் எழுத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

வீட்டுத் தமிழ் செய்த குற்றம் என்ன?

இனி அந்த மூன்றாமவர் விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். குழந்தை பள்ளியில் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியை சொல்ல, 'வீட்டில் இங்கிலீஷ் மட்டும்' என்று தீர்மானித்தார்கள். தாய் தமிழ்நாட்டில் தமிழ் மீடியத்தில் படித்தவர். அன்று வரை பெண்ணிடம் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தவர், அதன்பின் 'ஈட்', 'கம்', 'டோன்ட் டூ', 'ஹோம்வொர்க்' என்ற நாலைந்து கட்டளைகளோடு நின்றுவிட்டார். கதை போயிற்று, கேலி போயிற்று, 'ஏம்மா அப்படி?' என்று குழந்தை கேட்கும் கேள்விகளும் போயின. குழந்தைக்குப் புதிதாக ஆங்கிலம் வரவில்லை. இருந்த பேச்சும் குறைந்தது. ஊரிலிருந்து பாட்டி வந்தபோது பேத்தி பாட்டியின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் புறப்படும்போது மட்டும், "அடுத்த தடவை நான் வந்து என்னடி பண்ணப் போறேன்?" என்றார். அந்தத் தாய் அன்றைக்கே மறுபடியும் தமிழில் பேச ஆரம்பித்தார். இப்போது அந்தப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை.

ஒரு குடும்பத்தை வைத்துச் சட்டம் எழுதக் கூடாதுதான். ஆனால் ஆராய்ச்சியாளர்களும் இதையே சொல்கிறார்கள். யுனெஸ்கோ 1953-இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைக்குக் கல்வி புகட்டச் சிறந்த கருவி தாய்மொழியே என்றது. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர், ஒரு மொழியில் பெற்ற சிந்தனைத் திறனும் வாசிப்புத் திறனும் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று விளக்கினார். 2020-இல் வந்த நம் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது.

பழைய உதாரணமும் ஒன்று உண்டு. வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாக 1869-இல் பிறந்தவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார். வீட்டில் ஆங்கிலம் ஏது? கும்பகோணத்துப் பள்ளியில் கற்றதுதான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். பிற்காலத்தில் அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்டு ஆங்கிலேயர்களே மயங்கினார்கள். 'வெள்ளி நாவினர்' என்ற பட்டம் அவருக்குச் சாம்ராஜ்யம் முழுவதும் வழங்கியது. வீட்டுத் தமிழ் அவருக்கு எந்த விதத்தில் இடைஞ்சல் செய்தது?

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே என் அனுபவத்தில் பலன் தந்த சில யோசனைகளையும் சொல்கிறேன்.

தினமும் இருபது நிமிஷம் குழந்தையை ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டலுக்கு அதுவே மருந்து. நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முடிந்தபின் இரண்டு தப்பை மட்டும் சொன்னால் போதும்.

ஒரே ஓசைக் குடும்பத்தைச் சேர்ந்த வார்த்தைகளைச் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். 'லைட்', 'ரைட்', 'நைட்', 'ஃபைட்' என்று கூட்டமாக வந்தால் மனதில் நிற்கும்.

செய்யும் காரியத்தோடு ஆங்கிலம் வரட்டும். சமையல் குறிப்பு, கிரிக்கெட் வர்ணனை, விளையாட்டு விதிகள் எதுவானாலும் சரி.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக் கூட்டத்துக்குப் போகும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மிச்சத்தை இந்தியிலோ மராத்தியிலோ கேளுங்கள். தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அம்மா தைரியமாகக் கேள்வி கேட்பதைப் பார்க்கிற குழந்தைக்கு அதைவிடப் பெரிய ஆங்கிலப் பாடம் கிடையாது.

வீட்டில் தமிழ் பேசுங்கள். அரைகுறையாக அல்ல, முழுதாக. கதை சொல்லுங்கள், வாதாடுங்கள், விடுகதை போடுங்கள். ஒரு மொழியில் முழுதாகப் பேசத் தெரிந்த குழந்தை இரண்டாவது மொழியையும் முழுதாகப் பேச ஆசைப்படும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், நன்றாகவே வேண்டும். எனக்குச் சோறு போட்டதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது மற்ற மொழிகளைப் போல ஒரு மொழி. எழுத்துக்கூட்டலில் வம்பும், சின்னச் சொற்களில் சிக்கலும் உண்டு. மற்றபடி சுலபமே. பள்ளியில் ஆறு மணி நேரம், பாடப் புத்தகம், டெலிவிஷன், பிற்பாடு வேலை என்று ஆங்கிலம் வந்துசேர எத்தனையோ வழிகள் திறந்திருக்கின்றன. நாம் குடியிருக்கும் இந்த ஊரில் தமிழ் வந்துசேர இருப்பது ஒரே வழி, நம் வீடு. அதை மூடிவிட வேண்டாம்.